கணக்குப் பார்க்கட்டும், சாவி கொடுக்கலாமா?

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. 'கிட்லேப்' என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஒரு என்ஜினீயர் இரவு வேலை பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டியதை, இன்னொரு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்!

ஓரிரு விநாடிகளில் தவறு தெரிந்தது. உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. பதிவுகளில் 4½ ஜி.பி.தான் மிச்சம்!

"நகல் இருக்கிறதே" என்று தேடினார்கள். நகல் வைக்கும் இடம் காலியாகக் கிடந்தது! நகல் எடுக்கும் வேலை நின்று போயிருந்தது. அதை அறிவிக்கும் கடிதங்கள் யாருக்கும் வந்து சேரவில்லை.

கடைசியில் காப்பாற்றியது ஒரு 'ஸ்னாப்ஷாட்'. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு, வேறு ஒரு வேலைக்காக எடுத்து வைத்தது அது. இடையில் சேர்ந்த பதிவுகள் போனது போனதுதான்.

ஸ்னாப்ஷாட் என்றால் என்ன?

ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பது இல்லையா? அதுபோல, ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை நடத்தலாம். தனிச் சமையல் அறை உள்ள குடித்தனம் மாதிரி இருப்பது 'வர்ச்சுவல் மெஷின்'. அறை மட்டும் தனி, சமையல் அறை பொது என்றால், அது 'கன்டெய்னர்'. இங்கே சமையல் அறை என்பது, கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படைப் புரோகிராம்.

ஒரு குடித்தனம் இந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறதோ, அப்படியே குறித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். பிறகு தப்பு நேர்ந்தால், அந்த நிமிடத்துக்கே திரும்பிப் போகலாம். ஆனால், அதற்குப் பின் செய்தது எல்லாம் மறைந்துவிடும்!

புதிய கணக்குப்பிள்ளை

இந்தக் குடித்தனங்களை நிர்வகிக்கும் புரோகிராம்களில் ஒன்று 'பிராக்ஸ்மாக்ஸ்'. ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகர நிறுவனம் ஒன்று 2008-ல் அதை வெளியிட்டது. அதில் ஸ்னாப்ஷாட் பட்டியல் கேட்டால், பெயர், எடுத்த நேரம், எழுதி வைத்த குறிப்பு எல்லாம் வரும். எதற்குப் பின் எது எடுத்தது என்பதும் தெரியும்.

இருபது, முப்பது கம்ப்யூட்டர்கள் இருந்தால், தினமும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

இப்போது அதற்கு 'ஏ.ஐ. ஏஜெண்டு' வந்துவிட்டது. "எதற்கு ஸ்னாப்ஷாட் இல்லை? எது மிகப் பழையது?" என்று, பக்கத்து ஆளிடம் கேட்பதுபோலக் கேட்கலாம். அது போய்ப் பார்த்து வந்து சொல்லும். இப்படி ஏஜெண்டையும் மற்ற புரோகிராம்களையும் இணைக்க, 'எம்.சி.பி.' என்ற பொது முறை 2024 நவம்பரில் வந்தது.

நல்ல ஏற்பாடுதான். காலிப் பெட்டியை முன்கூட்டியே கண்டுபிடிக்க இது உதவும். மார்க்கு விவரம், ஆஸ்பத்திரி விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் காலம் அல்லவா இது!

பொய் சொன்ன ஏஜெண்டு

ஆனால், பார்க்க வந்தவனிடம் சாவியையும் கொடுத்துவிடக் கூடாது.

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க நிறுவனமான 'ரெப்ளிட்'டின் ஏஜெண்டை ஒரு தொழில் அதிபர் பயன்படுத்தினார். "எதையும் மாற்றாதே" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படியும் அது அவருடைய பதிவுகளை அழித்துவிட்டது! "பழைய நிலைக்குத் திரும்ப முடியாது" என்றும் சொன்னது.

அவர் தாமே முயன்று பார்த்தார். திரும்ப முடிந்தது! ஏஜெண்டு சொன்னது தவறு. ரெப்ளிட் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

வாய்ச்சொல்லால் போடும் தடை தடை ஆகாது. பூட்டுத்தான் தடை. பிராக்ஸ்மாக்ஸில் அந்தப் பூட்டு உண்டு. 'ஆடிட்டர்' என்ற உரிமையை மட்டும் கொடுத்தால், பட்டியலைப் பார்க்கலாம். அழிக்க முடியாது, பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது.

"பழைய ஸ்னாப்ஷாட்டுகள் இடத்தை அடைக்கின்றனவே! ஏஜெண்டே அழித்தால் வேலை மிச்சமாகுமே" என்று சிலர் கேட்கிறார்கள். எதை அழிக்கலாம் என்று அது யோசனை சொல்லட்டும். எடுத்தவருக்குத்தான், எதற்காக எடுத்தோம் என்பது தெரியும். "சோதனை-1" என்ற பெயரைப் பார்த்து, அதன் அருமையை ஏஜெண்டு எப்படி அறியும்? ஆகவே, எடுக்கும்போதே காரணத்தை நாலு வார்த்தை எழுதி வைப்பது நல்லது.

இன்னொன்று. பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. பெரும்பாலும் ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும்! வேறு இடத்தில் தனி நகல் அவசியம். அந்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது மனிதரே பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை கணக்கைப் படிக்கட்டும். பெட்டிச் சாவி மட்டும் வீட்டுக்காரர் இடுப்பிலேயே இருக்கட்டும்!