டிரம்பெட் யாருக்காக?

கிறிஸ்துமஸோ ஈஸ்டரோ நெருங்கினால் சபைக் கமிட்டியில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இந்த வருஷம் டிரம்பெட், டிராம்போன் எல்லாம் வைப்போம். கிராண்டா இருக்கும்." யாரும் மறுப்பதில்லை. அடுத்த வாரமே இளைஞர்கள் ஒரு பட்டியலோடு வந்துவிடுவார்கள். ஹாண்டலின் அல்லேலூயா, ஒரு ராணுவ மார்ச், யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று. எல்லாமே உச்சஸ்தாயி, எல்லாமே முழு மூச்சு. ஆராதனையில் எது எங்கே வருமென்று கேட்டால், "அத ஐயர் பாத்துக்குவாரு" என்பார்கள்.

இந்தத் தேர்வு தலைகீழாக நடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பித்தளை வாத்தியத்தில் எது எடுபடும் என்பது கச்சேரிக்காரர் கேட்க வேண்டியது. ஆராதனைக்கு வாசிக்கிறவர் முதலில் சபையைப் பார்க்க வேண்டும். அந்த நிமிடத்தில் அது என்ன செய்கிறது? நடக்கிறதா, பாடுகிறதா, காத்திருக்கிறதா, அழுகிறதா? இது தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

இதில் மொராவிய சபையாரை மிஞ்ச ஆளில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில், சின்சன்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 18-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய சபை அது. அவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்று ஓர் ஊரை அமைத்தார்கள். அங்கே 1754 முதல் டிராம்போன் குழு உண்டு. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரலுக்கும் நான்கு அளவில் டிராம்போன்கள். அந்நாளில் ஊரில் ஒரு சாவு விழுந்தால் குழு உயரமான இடத்தில் ஏறி நின்று மூன்று ஞானப்பாட்டு மெட்டுகளை ஊதும். இறந்தவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை நடுவில் வரும் மெட்டு சொல்லிவிடும். மணமான ஆணுக்கு ஒன்று, விதவைக்கு ஒன்று, மணமாகாத பெண்ணுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. வேலையில் இருப்பவர் காது கொடுத்தால் போதும், வீடு வீடாக ஆள் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குழுவில் யாரும் 'இன்றைக்குப் புதுசா ஏதாவது ஊதலாமே' என்று நினைத்திருக்க முடியாது. மெட்டு ஊருக்கே தெரிந்ததாக இருந்தால்தான் சேதி போய்ச் சேரும். சொல் இல்லாத வாத்தியம் ஆராதனையில் பேச வேண்டுமென்றால், கேட்பவர்தான் சொல்லை மனத்துக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால் பட்டியல் போடும்போது நான் முதலில் பார்ப்பது, இந்த மெட்டின் வார்த்தைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியுமா என்பதைத்தான்.

பாட்டிக்குத் தெரிந்த மெட்டுகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அந்த மிஷனில் பின்னர் வந்த ஃபெப்ரீசியஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்தார். பெயர்ப்பு, மெட்டு மாறாமல் பாடும்படி அமைந்தது. முள்முடி சூடிய ஆண்டவரின் தலையைப் பார்த்து லெந்து நாட்களில் உருகுகிறோமே, அந்தப் பாட்டின் மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் 1601-ல் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. ஜெர்மானியர் அதைச் சிலுவைக்குக் கொண்டுவந்தார்கள், பாக் தம் மத்தேயு பாடு இசையில் திரும்பத் திரும்ப எடுத்தாண்டார். தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் அதே மெட்டு இன்றைக்கும் தமிழில் ஒலிக்கிறது.

இந்த மெட்டுகளின் கட்டமைப்பே ஊதுகிறவருக்குச் சாதகமானது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு நிறுத்தம் உண்டு. பாடுகிறவருக்காக வைத்த அந்த இடம் ஊதுகிறவருக்கும் மூச்சு வாங்குகிற இடமாகிவிடுகிறது. நான்கு பகுதிகள் பாமாலை ராகப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கின்றன. மேலே இரண்டு டிரம்பெட், கீழே இரண்டு டிராம்போன், இல்லையென்றால் ஒரு டிராம்போனும் ஒரு யூஃபோனியமும். நான்கு பேர் போதும்.

ஜெர்மனியின் புரொட்டஸ்டண்ட் சபைகளில் 'போசவ்னன்கோர்' என்கிற பித்தளைக் குழுக்கள் வளர்ந்தது இப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டில் பீலஃபெல்ட் வட்டாரக் கிராமங்களில் பரவிய எழுப்புதலில், இசைப் பள்ளியை எட்டிப் பார்க்காத சாதாரணச் சபையார் கையில் அந்த வாத்தியங்கள் வந்தன. போதகர் யோஹன்னஸ் கூலோ (1856–1941) அவர்களுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தில் எழுதிய சுருதி எதுவோ, அதையே நேராகப் படித்து ஊதும் முறை. இதன் அருமை நம் கீபோர்டுக்காரருக்குப் புரியும். வழக்கமான பி-பிளாட் டிரம்பெட்காரர் தம் தாளில் இருப்பதை வாசித்தால், வெளியே கேட்பது ஒரு முழு சுரம் கீழே. பாமாலைப் புத்தகத்தை அப்படியே அவர் முன்னால் விரித்து வைத்தால், சபை ஒரு சுருதியிலும் டிரம்பெட் இன்னொரு சுருதியிலும் போகும். கூலோவின் ஆட்கள் அதே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடகர் குழுவோடு சேர்ந்து ஊதினார்கள். 2008-ல் லைப்சிக் நகரில் இந்தக் குழுக்கள் கூடியபோது சுமார் 16,000 பேர் ஊதினார்கள் என்றால், வழி எவ்வளவு எளிதாக இருந்திருக்க வேண்டும்!

சுருதித் தேர்வைப் பற்றி இன்னொன்று. கிட்டார் வாசிக்கும் தம்பிகளுக்கு 'ஈ' மேஜர் கைக்கு இதமானது. பி-பிளாட் டிரம்பெட்காரருக்கோ அது ஆறு ஷார்ப் உள்ள ஸ்கேலாகிவிடும். அதே பாட்டை அரை சுரம் இறக்கி ஈ-பிளாட்டில் வைத்தால் அவருக்கு ஒரே ஒரு பிளாட்தான், கிட்டாருக்கு ஒரு கேப்போ மாட்டினால் போயிற்று. இந்தப் பேச்சுவார்த்தை ஒத்திகையின் முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி வரை இழுத்தால் சண்டையில் முடியும்.

அடுத்தது உதடு. வயலின்காரரின் கையைப் போல அது மணிக்கணக்கில் உழைக்காது. எட்டு சரணம் உள்ள பாட்டை எட்டும் ஊதச் சொன்னால் ஆறாவதிலேயே சுருதி தள்ளாடும். லைப்சிக்கில் பாக்கின் தலைமை டிரம்பெட்காரராக இருந்த காட்ஃப்ரீட் ரைகே, 1734 அக்டோபர் 5 அன்று அரசருக்கான விழாவில் தீவட்டிப் புகைக்கு நடுவே ஊதினார். மறுநாள் சுருண்டு விழுந்து இறந்தார். அந்த உழைப்பும் புகையும்தான் காரணமென்று அந்நாளில் பேசிக்கொண்டார்கள். நம் பையன்களுக்கு அந்த அபாயம் இல்லை. ஆனாலும் முதல் சரணம், நடுவில் ஒன்று, கடைசி சரணம் என்று பங்கு பிரித்துக் கொடுங்கள். நடுவே ஒரு சரணத்தைச் சபை எந்த வாத்தியமும் இல்லாமல் பாடட்டும். கடைசியில் பித்தளை சேரும்போது தானாகவே எழுச்சி வரும்.

ரைகேயின் பெயரைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லைப்சிக் நகர மன்றக் கோபுரத்திலிருந்து தினமும் இசை ஊதுவது அவர் போன்ற நகர வாத்தியக்காரர்களின் வேலை. அதற்காக அவர் எழுதிய 24 சிறு உருப்படிகள் 1696-ல் அச்சாயின. நான்கே குரல், சுருக்கமான நீளம். காணிக்கை எடுக்கும் நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். காணிக்கைப் பை கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பிய பிறகும் பேண்டு முழங்கிக்கொண்டிருக்க, ஐயர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உருப்படியின் நீளத்தைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பதும் பக்தியில் சேர்த்திதான்.

துக்கத்துக்கு எது? பேத்தோவன் 1812-ல் லின்ஸ் நகருக்குத் தம் தம்பியைப் பார்க்கப் போயிருந்தபோது, அங்குள்ள கதீட்ரலின் இசைத் தலைவர் க்ளோகல் கேட்டுக்கொண்டதற்காக நான்கு டிராம்போன்களுக்கு மூன்று சிறு உருப்படிகள் எழுதிக்கொடுத்தார். நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் தினத்துக்காக. நம் ஊர்களில் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அதே நாள். அந்த இசையில் ஒரு வேகமான சுரம்கூடக் கிடையாது. நான்கு குரலும் ஒன்றாக அடியெடுத்து வைக்கும். 1827-ல் பேத்தோவனின் சவ ஊர்வலத்தில் அதே இசையை டிராம்போன்களும் ஆண் குரல்களும் மாறி மாறி எடுத்துச் சென்றன. அடக்க ஆராதனைக்கு ஒரு நல்ல குழு கிடைத்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். பித்தளை என்றாலே ஆரவாரம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

திறந்த வெளிக்குக் கணக்கே வேறு. வட கரோலினாவின் சேலம் ஊரில் மொராவியர்கள் 1772 முதல் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடுகிறார்கள். அங்கே பித்தளைக் குழுக்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்று, ஒன்று ஒரு அடியை ஊத மற்றது பதில் ஊதும். விடியற்காலைப் பவனி நடத்தும் நம் சபைகள் தாராளமாக இதை எடுத்துக்கொள்ளலாம். வெளியே எதிரொலி கிடையாது, அதனால் கனமான ஒத்திசைவு வேண்டும். அதே கனத்தைத் தகரக் கூரை போட்ட ஆலயத்துக்குள் கொண்டுவந்தால் காது அடைத்துப்போகும்.

கடைசியாக, வாதத்துக்கு இழுக்கும் ஒரு கருத்து. கீர்த்தனைகளைப் பித்தளைக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வால்வு உள்ள டிரம்பெட் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், கமகத்தில் குழையாது. டிராம்போனின் நீள் குழாய் கொஞ்சம் வழுக்கித் தரும், ஆனால் அந்த வித்தை தெரிந்தவர் அபூர்வம். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ஆர்மோனியமும் வயலினும் தபலாவும் பார்த்துக்கொள்ளட்டும். பித்தளைக்காரர்கள் அப்போது வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு சபையோடு சேர்ந்து பாடலாம்; உதட்டுக்கும் ஓய்வு.

இவ்வளவும் செய்து, அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது, "டிரம்பெட் பிரமாதம் தம்பி" என்று நாலு பேர் சொன்னால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. "என்னமோ தெரியல, இன்னிக்கி எல்லாரும் நல்லா பாடினோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டியலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் கமிட்டியில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.