பணம் நம்முடையது, குரல் டில்லியுடையது!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பெற்ற நாள் 1975 ஆகஸ்ட் 15. எத்தகைய நாள் அது? நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்று இரு திங்களும் நிறையவில்லை. ஏடுகளுக்குத் தணிக்கைப் பூட்டு; தலைவர்களுக்குச் சிறைக்கூடம். அந்த வேளையிலேதான் டில்லியின் கண்ணாடிப் பேழை தமிழன் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது! ஆறு திங்கள் கழியுமுன், 1976 ஜனவரி 31-இல், நெருக்கடி நிலையை எதிர்த்து நின்ற கழக ஆட்சி கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்டோர் தம் மறுமொழியைக் கூற அந்தப் பேழையிலே இடமேது?

மக்கள் அதனை நேசித்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. உழவனுக்கு 'வயலும் வாழ்வும்'. வெள்ளிக்கிழமை இரவில் 'ஒளியும் ஒலியும்'. பெட்டியுள்ள வீட்டின் சன்னலிலே தெருவே தொங்கிக்கொண்டிருந்ததை மறந்தவர் யார்? ஆனால், 1982-இல் 'தேசிய ஒளிபரப்பு' வந்தது. தமிழ் முடிந்ததும் இந்தி நுழைந்தது. உடனே பெட்டியை அணைத்துவிட்டுச் சோறுண்ணச் சென்ற வீடுகள் எத்தனை, எத்தனை! அதுவும் ஒருவகை மொழிப்போரே.

தன்னாட்சி வேண்டுமென்று 1990-இல் பிரசார் பாரதிச் சட்டம் இயற்றப்பட்டது. கழகம் பங்குபெற்ற தேசிய முன்னணி ஆட்சியின் சட்டம் அது. பின்வந்தோர் அதனை உறங்க வைத்தனர். கழகம் பங்குபெற்ற மற்றோர் ஆட்சி 1997-இல் எழுப்பும்வரை ஏழாண்டு உறக்கம்! இடையே, 1995-இல், வான் அலைகள் மக்களின் பொதுச்சொத்து என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுந்ததென்னவோ உண்மை, எனினும் பணப்பை டில்லியின் இடுப்பிலே, ஆணையிடும் உரிமை டில்லியின் கையிலே. கயிறு நீண்டதேயன்றி அவிழவில்லை.

தனியார் அலைவரிசைகள் பெருகியதும் நாமும் அந்நிலையத்தை மறந்தோம். நம் வரிப்பணத்திலே இயங்குவது என்பதையும் மறந்தோம். நம்மவர் குறைதான் இது, தோழர்களே! நாம் மறந்தோம், அவர்கள் மறக்கவில்லை. 2024 ஜனவரியில் 'பொதிகை' என்ற பெயர் போயிற்று, 'டி.டி. தமிழ்' வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 18-இல் நிலையத்தின் பொன்விழாவோடு சேர்த்து இந்தி மாத நிறைவு விழா. ஆளுநர் தலைமை விருந்தினர். அங்கே பாடப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்திலே திராவிடத்தைக் குறிக்கும் அடி மட்டும் காணாமற்போயிற்று. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கண்டித்தார், நாடு கொதித்தது. கவனச்சிதறல் என்று கூறி நிலையம் மன்னிப்புக் கோரியது.

சிதறிய கவனம் வேறெந்த அடியிலும் சிதறாமல் அந்த ஓரடியிலே போய்ச் சிதறிய விந்தையை விட்டுவிடுவோம். தமிழ்நாட்டின் நிலையத்துப் பொன்விழாவுக்கு இந்தி மாதம் துணைவந்தது ஏன்? அந்த மன்னிப்பில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லை.