ஆள் பத்தலைன்னு பையனை இறக்காதீங்க!

கொல்லிமலை ஊர்க் கபடியில் "ஆள் பத்தலைடா, நீ இறங்கு" என்று ஒன்பதாவது படிக்கிற பையனைக் கூப்பிடுவது நமக்குச் சாதாரணம். அவனுக்கும் பெருமைதான், இல்லேங்கலை. எனக்குத்தான் பகீர்ங்குது.

கணக்கைப் பாருங்க. சப்-ஜூனியர் பையன்களுக்கு எடை வரம்பு 55 கிலோ. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ. முப்பது கிலோ வித்தியாசம்! அப்படி நாலு பேர் மேலே விழுந்தால் தோள்பட்டை என்னாகும்?

"சச்சின் 16 வயசில் ஆடலையா?" என்பார்கள். ஆடினார், 1989-ல். கிரிக்கெட்டில் யாரும் ஆளை அமுக்குவதில்லையே! அதற்கே 2020-ல் ஐசிசி, சர்வதேசப் போட்டிக்குக் குறைந்தது 15 வயது என்று விதி போட்டது.

"18 வயசுன்னு வெச்சா எங்க ஊர்ல டீமே இருக்காது, பசங்க வேலைக்குக் கீழே இறங்கிட்டாங்க" என்பதும் நிஜம்தான். நான் 18 கேட்கலை. 16 வயசு, 55 கிலோ. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு எடை மெஷின். தேறாத பையன்களுக்குத் தனி மேட்ச் வையுங்க.

அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் பெரியாஸ்பத்திரி போக 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும் மக்களே. கோப்பையை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்.