‘உட்காருங்கள்’ என்பது மட்டும் பாதுகாப்பு அன்று

மாணவர்களே, தொண்டூழியத்திற்காகத் தாதிமை இல்லத்திற்குச் சென்றிருக்கிறீர்களா? நாற்காலியிலிருந்து எழ முயலும் பாட்டியிடம், “உட்காருங்கள், விழுந்துவிடுவீர்கள்” என்போம். அக்கறைதான். ஆனால், “இனி உங்களால் முடியாது” என்றுதான் அவர் காதில் அது விழும்.

விழுவது சிறிய விஷயமன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து உயிரிழக்கின்றனர். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆயினும், உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகள் மெலியும். உடலின் சமநிலை குறையும். பயந்து நடையைக் குறைப்பவர் இன்னும் எளிதில் விழுவார்.

விழுந்ததை மறைக்கும் முதியவர்களும் உண்டு. சொன்னால், தனியாகக் கழிவறைக்குக்கூட விடமாட்டார்களோ என்ற கவலை அவர்களுக்கு. மறைத்தால் காரணம் தெரியாமல் போகும். தூக்கம் தரும் மருந்தா, எழும்போது குறையும் ரத்த அழுத்தமா, மங்கிய பார்வையா, வழுக்கும் காலணியா?

ஆகவே, தடுப்பதற்குமுன் அவர்களைக் கேட்க வேண்டும் என்பேன். அடுத்த முறை, “எங்கே போகணும், பாட்டி?” என்று கேளுங்கள். தாதியிடம் சொல்லிவிட்டு, அவர் பிடித்துக்கொள்ள உங்கள் கையை நீட்டுங்கள். அவர் வேகத்திலேயே நடங்கள்.