தேரி மணலுக்குத் தீர்த்தம் போதாது, சோறு போடுங்க!

இயற்கை விவசாயம்னு பேச்செடுத்தா போதும், நம்ம ஆளுங்க ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம்னு ஆரம்பிச்சிடுறாங்க. "ஊத்துங்க, மண்ணு தானா மாறிடும்!" எந்த மண்ணுன்னு ஒருத்தரும் கேக்குறதில்லை.

நான் கேக்குறேன். சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மாறுமா? செக்கச்செவேல்னு கிடக்கிற மணல் அது. களியும் குறைவு, மக்கும் குறைவு. ஊத்துற தண்ணி வேரைத் தாண்டி இறங்கிடும், கூடவே சத்தும் போயிடும். அங்க கொய்யாவோ சப்போட்டாவோ வைக்கிறவர் பலன் பார்க்க வருஷக்கணக்காகும். நடுவுல ஒரு கோடையில கன்னு கருகினா, போட்ட காசு மொத்தமும் போச்சு.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஏக்கருக்கு ஒரு தடவை 200 லிட்டர் ஜீவாமிர்தம். அதுல பச்சைச் சாணி 10 கிலோ; முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ. ஏக்கர்ங்கிறது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு 2 கிராம்கூடத் தேறாது! இதை வச்சு மணலை மண்ணாக்கப் போறீங்களா?

"அது உரம் இல்லப்பா, நுண்ணுயிர்"னு சண்டைக்கு வருவீங்க. சரி, அந்த நுண்ணுயிர் எதைத் தின்னும்? விருந்துக்குக் கூப்பிட்டு வெறும் இலை போடுறது எந்த ஊர் நியாயம்? ஜீவாமிர்தத்தைப் பரப்பின சுபாஷ் பாலேக்கரே மூடாக்கும் வேணும்னுதான் சொல்றார். நம்மாளுங்க அதை மட்டும் வசதியா மறந்துட்டாங்க.

தேரிக்கு வேணும்கிறது கூடை கூடையா சோறு. மூணடிக் குழி எடுத்து, மக்கின தொழு உரம் 10 கிலோவாவது போடுங்க. குளத்துக் கரம்பை கலந்தா மணலுக்கு இல்லாத களி கிடைக்கும். இதை இலவசமா அள்ள 2017லேயே தமிழக அரசு விதியைத் திருத்துச்சு. தென்னை நார்க்கழிவு ஈரம் பிடிக்கும், ஆனா மக்க வச்சுப் போடணும். பச்சையா போட்டா, அதை மக்க வைக்கிற நுண்ணுயிரே மண்ணுல இருக்கிற கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் பிடிச்சு வச்சுக்கும். வரிசைக்கு நடுவுல கொழுஞ்சி விதைச்சு, பூக்கிறப்போ மடக்கி உழுங்க. தூரைச் சுத்தி இலைதழை மூடாக்கு. ஒரு தடவை போட்டாப் போதாது. அந்த வெயில்லயும் மணல்லயும் மக்கு சீக்கிரம் கரைஞ்சிடும். வருஷா வருஷம் போடணும்.

"அவ்வளவு எருவுக்கு எங்க போறது?" நியாயமான கேள்விதான். வண்டிக்கூலியே முழி பிதுங்கும். அப்போ எரு இருக்கிற அளவுக்கு மட்டும் கன்னு வைங்க. ஏக்கர் முழுக்க நட்டுட்டுக் கேன் கேனா ஊத்துறதைவிட, நாப்பது மரத்தை ஒழுங்காச் சாப்பிட வைக்கிறது மேல்.

கேன் விக்கிறவருக்கு இது பிடிக்காது. பிடிக்கவே வேண்டாம்.