கொமினிகேஷன் கடை எழுதும் ஒப்படைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை தரம் 10 பிள்ளைகளுக்கு அறிஞர் சித்தி லெப்பை பற்றி ஒப்படை கொடுத்தேன். 34 பேரும் கலர் அட்டை போட்டு, பைண்ட் பண்ணிக் கொண்டுவந்தார்கள். வாசித்தால் பாதிக்கு மேல் ஒரே பந்திகள். அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். 19 ஒப்படைகளில் அது 1982 என்று இருந்தது. அடுத்த பக்கத்திலேயே அவர் 1898இல் மௌத்தானதும் இருக்கிறது! ஒரு பிள்ளைக்கும் அது உறுத்தவில்லை. சந்தியில் உள்ள கடையில் தலைப்பைச் சொன்னால் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்களாம்.

நன்றாக ஏசினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. ஒரு விடயத்தை எப்படித் தேடுவது என்று ஒரு பாடவேளைகூட நான் சொல்லிக் கொடுத்ததில்லை. இத்தனை வருடமும் கலர் அட்டைக்குப் புள்ளி போட்டவனும் நான்தான்.

இதன் விலை பிறகுதான் தெரிகிறது. என்னிடம் படித்து கெம்பஸ் போன பிள்ளை ஒன்று, முதல் ஒப்படையே திருப்பி அனுப்பப்பட்டு, போனில் அழுதது. "எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதணும் என்று யாரும் சொல்லித் தரல்லையே சேர்." 13 வருடம் படிப்பித்த எங்களிடம் பதில் இல்லை.

அதனால் இந்தத் தவணை பிள்ளைகளைப் பிரதேச சபை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். பலர் உள்ளே வந்ததே அன்றுதான். முதலில் இறாக்கை இலக்கங்களைக் காட்டினேன். 297 என்றால் இஸ்லாம், 954.93 இலங்கை வரலாறு, 894.811 தமிழ் இலக்கியம். டூயி முறையைப் பின்பற்றும் எந்த நூலகத்துக்குப் போனாலும் இதே இலக்கங்கள்தான். பிறகு புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சுட்டி. ஒரு மகள் 'சி' வரிசையில் விரலை ஓட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, "சேர், இருக்கு!" என்று கத்திவிட்டாள். நூலகர் சிரித்துக்கொண்டார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். நூலாசிரியர், நூல், ஆண்டு, பக்கம் நான்கையும் கொப்பியில் குறி. பந்தியை இரண்டு தரம் வாசி. புத்தகத்தை மூடு. இப்போது எழுது. மூடச் சொன்னதும் எல்லோருடைய முகமும் மாறியது. அரை மணித்தியாலத்தில் ஆளுக்கு ஐந்தாறு வரிதான் வந்தது. எழுத்துப் பிழைகளும் இருந்தன. ஆனால் ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதைப் போல இல்லை. எனக்கு அது போதும்.

"எல்லாம் கூகுளில், ஏஐயில் இருக்கே சேர்" என்கிறார்கள். இருக்கிறது. ஏஐ சில நேரம் இல்லாத புத்தகத்தின் பெயரையும் அடித்துச் சொல்லும். ஒரு ஹதீஸைக் கேட்டால் எந்தக் கிதாப், யார் அறிவித்தது என்று கேட்கிற சமூகம் நாம். பிள்ளையின் ஒப்படையில் மட்டும் ஏன் கேட்பதில்லை? போனில்தான் தேட வேண்டுமென்றால் நூலகம் இணையத்தளம் இருக்கிறது. நம் நாட்டின் பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே இலவசமாக வாசிக்கலாம்.

பழைய மாணவர் சங்கத்துச் சகோதரர்களே, நுழைவாயில் கட்டியது போதும். பாடசாலை நூலகம் 1.30க்குப் பூட்டப்படுகிறது. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் திறந்து வைக்க ஒருவருக்குக் கொடுப்பனவு தர முடியுமா?

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நான் பிரதேச சபை நூலகத்தில் இருப்பேன். தரம் 9க்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரு கொப்பி, பேனையோடு அனுப்புங்கள். கொமினிகேஷன் தம்பி கோபிக்க வேண்டாம், போட்டோகொப்பி எடுக்க உங்களிடம்தான் வருவோம்.