பார்க்கிற படமும் பார்க்க வேண்டிய படமும்

குழவிக்கல்லுக்குப் பால் ஊற்றுவது மடமை என்று சுயமரியாதைக்காரர்கள் தொண்டை வறளச் சொல்லி வந்தார்கள். இன்றைக்குக் கல்லின் இடத்தில் அட்டை வந்து நிற்கிறது. புதுவையில் பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியாகிற நாளில் சினிமாக் கொட்டகை வாசலைப் பார்க்கிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அபிஷேகம் அதே அபிஷேகம். ஆரத்தி அதே ஆரத்தி. கல்லுக்காவது ஒரு தல புராணம் இருந்தது. இந்த அட்டைக்கு அதுவும் கிடையாது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சக் கால் படி பால் இல்லாதவனும் ஏணி போட்டு ஏறிக் குடம் குடமாய்க் கவிழ்க்கிறான் என்றால், கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று மார் தட்டிக்கொள்ள நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"பொழுது போக வேண்டாமா?" என்று கேட்பார்கள். போகட்டும், அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் பொழுதோடு புத்தியும் சேர்ந்து போய்விடக் கூடாதே என்பதுதான் நமது கவலை. அதனாலேயே டாக்குமெண்டரி என்றும் ஆவணப்படம் என்றும் சொல்லப்படுகிறவற்றில் பார்க்கத் தகுந்த சிலவற்றை இங்கே குறிக்க முன்வந்தோம்.

டாக்குமெண்டரி என்றதுமே நம் மக்களுக்குக் கொட்டாவி வருகிறது. அதற்குக் காரணம் மக்கள் அல்ல. சர்க்கார் 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் என்று ஓர் இலாகா வைத்து, அதன் படத்தைப் போட்ட பிறகே கதைப்படம் போட வேண்டும் என்று எல்லாக் கொட்டகைக்காரர்களையும் கட்டாயப்படுத்திற்று. மந்திரி அணையைத் திறப்பார், மாலை போட்டுக்கொள்வார், கனத்த குரலில் ஒருவர் தேசம் முன்னேறிவிட்டது என்பார். ஜனங்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி பிடித்துவிட்டு, முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். தலைமுறைக் கணக்கில் இப்படிப் பழக்கினால் கொட்டாவி வராமல் என்ன வரும்? அந்த இலாகாவிலும் மூளையுள்ளவர்கள் இல்லாமல் போகவில்லை. சுதந்திரம் வந்த வருஷத்தில் பிறந்த பிள்ளைகளை 1967இல் தேடிப் பிடித்து, "உங்களுக்கு என்ன வேண்டும், என்ன நினைக்கிறீர்கள்?" என்று எஸ்.என்.எஸ். சாஸ்திரி கேட்டு எடுத்த 'ஐ ஆம் ட்வென்டி' என்ற சிறு படத்தை இன்று பார்த்தாலும் கொட்டாவி வராது.

நிற்க. சினிமா பிறந்த கதையைப் புதுவைக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1895 டிசம்பர் 28ஆம் தேதி பாரிசில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகப் படம் காட்டினார்கள். அன்று காட்டிய பத்துப் படங்களில் முதற்படத்தில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, சாமியும் இல்லை. லியோன் நகரில் அவர்களுடைய தொழிற்சாலைக் கதவு திறக்கிறது. வேலை முடிந்த ஆணும் பெண்ணும் வெளியே வருகிறார்கள். ஒரு நிமிஷங்கூட ஓடாத படம். ஆகவே காமிராவின் முதல் வேலை மில் வாசலில் நின்று பாட்டாளியைப் பார்த்ததுதான்.

நம் நாட்டில் நடந்தது என்ன? முதலில் நல்லபடியாகவே தொடங்கிற்று. கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சையில் முதல்வராகத் தேறிய ஆர்.பி. பராஞ்சபே 1901இல் பம்பாய்க்குத் திரும்பி வந்ததை பட்வடேகர் என்பவர் படம் பிடித்தார். அந்தப் பராஞ்சபே கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1949இல் சென்னையில் இந்தியப் பகுத்தறிவாளர் சங்கம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராயிருந்தவர். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆரம்பகாலச் செய்திப்படங்களில் ஒன்று ஒரு நாத்திகரைப் பற்றியது என்பதை எந்தப் பக்தர் வாயாலும் நாம் கேட்டதில்லை! அப்புறம் பால்கே வந்தார். ஏசுநாதர் படத்தைப் பார்த்தார். நம் சாமியையும் திரையில் காட்ட வேண்டுமென்று ஆசை கொண்டார். 1913இல் ராஜா ஹரிச்சந்திரனைக் கொண்டுவந்து நிறுத்தினார். மில் வாசலில் நின்ற காமிரா சுடுகாட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கைகூப்ப வைக்கிற படம் அன்று பிடித்த இடத்தை இன்னும் விடவில்லை.

இனி, படங்களுக்கு வருவோம். புதுவைவாசிகள் முதலில் பார்க்க வேண்டியது திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்'. 2017இல் வந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மனிதன் மலத்தைக் கையால் அள்ளுவதையும், சாக்கடைக் குழியிலும் மலத்தொட்டியிலும் இறங்கிச் செத்தவர்களின் மனைவிமார் பேசுவதையும் அப்படியே காட்டுகிறது. இந்த வேலையில் யாரையும் ஈடுபடுத்தக் கூடாதென்று 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. மனிதன் குழியில் இருக்கிறான். ஒரே ஜாதியார் மட்டும் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழியில் இறங்குவானேன் என்ற கேள்விக்கு வருணாசிரமத்தைத் தவிர வேறு பதில் உண்டா? இந்தப் படத்தைக் காட்டவிருந்த பல ஊர்களில் போலீசார் அனுமதி மறுத்தார்கள். எடுத்தவரை, 2009இல் மாணவியாயிருந்தபோது நடந்த ஒரு போராட்ட வழக்கைச் சொல்லிக் கைது செய்தார்கள். மலத்தை அள்ள அனுமதி வேண்டியதில்லை. அள்ளுவதைக் காட்டத்தான் அனுமதி வேண்டும்!

"அது தமிழ்நாட்டுச் சங்கதி, நம் ஊர் நேர்த்தியான ஊர், பிரஞ்சுக்காரன் கோடு போட்டுக் கட்டிய ஊர்" என்று சிலர் பெருமை பேசலாம். 2024 ஜூன் 11ஆம் தேதி ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்ததை அவர்கள் மறந்திருக்க முடியாது. பாதாளச் சாக்கடையில் தேங்கிய விஷவாயு வீட்டுக் கழிவறை வழியே ஏறி மூன்று பெண்களைக் கொன்றது. அதில் ஒருத்தி 15 வயதுச் சிறுமி. வேறொருவன் இறங்குகிற குழிதானே என்று நாம் திரும்பிப் பார்க்காத அந்தக் குழியே நம் வீட்டுக்குள் ஏறி வந்தது. அந்தப் புதுநகரில் ஒரு சுவரில் வெள்ளைத் துணி கட்டி 'கக்கூஸ்' படத்தைக் காட்டினால், கொட்டாவி விடுகிறவர் ஒருவராவது இருப்பாரா?

அமுதன் மதுரையில் எடுத்த 'பீ' (2003) இன்னும் சிறியது. பெயரைச் சொல்லவே கூசுகிறவர்கள் உண்டு. தெருவையே கழிப்பிடமாக்கிய மக்களும், காலையில் அதைக் கூட்டி அள்ளுகிற ஒரு பெண்ணும்தான் விஷயம். கூச்சப்பட வேண்டியது பெயருக்கா, அந்தத் தெருவுக்கா?

அடுத்தது, ஆனந்த் பட்வர்த்தனின் 'ராம் கே நாம்' (1992). ராமன் பிறந்த இடம் இன்ன இடமென்று அங்குலக் கணக்காய்ச் சொல்கிற ஓர் இளைஞனிடம், "ராமன் பிறந்தது எந்த நூற்றாண்டு?" என்று கேட்கிறார். பையன் விழிக்கிறான். நூறு மேடைப் பிரசங்கம் செய்யாத வேலையை அந்த விழிப்பு செய்துவிடுகிறது. ஆனால் அதைவிட முக்கியமாக நாம் சொல்லுவது வேறு. அதே இடத்தில் கோர்ட்டு நியமித்த பூசாரி லால்தாஸ், இந்தக் கிளர்ச்சி ஓட்டுக்கும் பணத்துக்குமான கிளர்ச்சி என்று காமிரா முன் அமைதியாகச் சொல்லுகிறார். அவர் நம் கட்சிக்காரர் அல்ல, பக்தர். 1992 டிசம்பர் 6ஆம் தேதி மசூதி இடிந்தது. 1993 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். யோக்கியமான பக்தனையும் மதவெறி விட்டு வைக்காது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச சாட்சி வேண்டுமா? சர்க்காரின் பரிசு பெற்ற இந்தப் படத்தைச் சர்க்காரின் தொலைக்காட்சியிலேயே போட வைக்கக் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது என்பது தனி வேடிக்கை.

அவரே 14 ஆண்டு உழைத்து எடுத்த 'ஜெய் பீம் காம்ரேட்' (2011), 1997இல் பம்பாய் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலையின் அவமதிப்புக்காகக் கூடிய மக்களில் பத்துப் பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றதிலிருந்து தொடங்குகிறது. நீளமான படம், இரண்டு நாளாக வைத்துப் பார்க்கலாம். ஏ.கே. செட்டியார் என்ற தமிழர் உலகமெல்லாம் அலைந்து துண்டு துண்டாகச் சேர்த்து 1940இல் வெளியிட்ட காந்தியார் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வருணாசிரம விஷயத்தில் காந்தியாரோடு நமக்குச் சண்டை உண்டு. செட்டியாரின் உழைப்போடு சண்டையில்லை.

பிரஞ்சுக்காரர் லூயி மால் 1968இல் இந்தியா வந்து எடுத்த 'பேய் இந்தியா' என்னும் தொடரில், சென்னையில் தேர் இழுக்கும் கூட்டத்தைக் காணலாம். நாம் தினம் பார்த்துப் பழகிப்போனதை அயலான் கண் பார்க்கும்போது நமக்கே தூக்கிவாரிப் போடுகிறது. இதை லண்டன் பி.பி.சி. ஒளிபரப்பியதற்காக 1970இல் டில்லியிலிருந்த பி.பி.சி. ஆபீசையே நம் சர்க்கார் மூடச் செய்தது. ஆனால் மாலின் கண்ணும் தவறாத கண் அல்ல. வறுமையைக் கண்டு மலைத்து நிற்கிற இடங்கள் அதில் உண்டு.

டாக்குமெண்டரி என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. புராணத்தை நம்பாதே என்று சொல்லிவிட்டுப் படத்தை மட்டும் நம்பு என்று நாம் சொல்ல வரவில்லை. 1922இல் வந்து உலகப் புகழ் பெற்ற 'நானூக்' படத்தில், அக்காலத்தில் துப்பாக்கி வைத்திருந்த எஸ்கிமோக்களை ஈட்டியால் வேட்டையாடச் சொல்லி எடுத்தார் பிளாஹெர்ட்டி. ஆகவே யார் பணம் போட்டார்கள், யார் பேசுகிறார்கள், பேச வேண்டிய யாரைப் பேச விடவில்லை என்று எந்தப் படத்தையும் கேட்க வேண்டும். நாம் மேலே புகழ்ந்திருப்பவற்றையும் கேட்க வேண்டும்.

கடைசியாகப் புதுவையைப் பற்றி ஒரு வார்த்தை. 1936 ஜூலை 30ஆம் தேதி, பின்னாளில் சுதேசி மில் என்று பெயர்பெற்ற சவானா மில்லில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்களில் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். காமிராவை லியோன் மில் வாசலில் நிறுத்திய பிரஞ்சு தேசம், புதுவை மில் வாசலுக்குத் துப்பாக்கியைத்தான் அனுப்பிற்று. அந்த இரத்தத்தின் விலையாக 1937இல் எட்டு மணி நேரம் கிடைத்தது. பிற்பாடு மில்களும் ஒவ்வொன்றாய் நொடித்து, ஏ.எப்.டி. மில் 2020இல் மூடப்பட்டது. அதில் நூல் நூற்றவர்களும் நெய்தவர்களும் இன்னும் முதலியார்பேட்டைத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பனும் பாட்டனும் சொல்லிய 1936ஆம் வருஷத்துக் கதை அவர்கள் வாயில் இருக்கிறது. நம் இளைஞர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் லூமியேர் கண்டிராத காமிரா ஒன்று இருக்கிறது. கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவதைப் படம் பிடிக்க அதைத் தூக்குகிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணைக்குப் போகட்டும். முதலில் பெரியவர்கள் சொல்லுவதைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு காமிராவைத் திறக்கட்டும்.